பரஸ்கெவியின் ஒரு கண்

என் காபிக் கடைக்கு எதிரே இருப்பது கோவிலா அருங்காட்சியகமா என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். கிழவிகள் கோவில் என்பார்கள். அரசாங்கம் அருங்காட்சியகம் என்கிறது. அங்கே காவல் இருக்கும் லம்ப்ரினியைக் கேட்டால், "காலையில திறப்பேன், மத்தியானம் பூட்டுவேன், நடுவுல எதையும் தொடாதீங்க" என்பாள். அவளுக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான்.

பைசாந்தியர் காலத்துச் சுவர். என் அப்பா சிறுவனாக இருந்தபோது ஒரு நிலநடுக்கத்தில் கூரையில் பாதி விழுந்து பூசை நின்றுபோனது. பிறகு தொல்லியல்காரர்கள் வந்து கூரையைச் சரிசெய்தார்கள், சுவரோவியங்களில் படிந்திருந்த மெழுகுவர்த்திக் கரியைத் துடைத்தார்கள், வாசலில் டிக்கெட் மேசை ஒன்றைப் போட்டார்கள். கோடையில் வரும் புனித பரஸ்கெவி திருநாளுக்கு மட்டும் பாதிரியார் வந்து பூசை செய்துவிட்டுப் போகலாம். மற்ற நாளெல்லாம் காவலாளி லம்ப்ரினியின் ராஜ்ஜியம்.

காவலாளி என்றால் திருடனைப் பிடிப்பது அல்ல. முத்தத்தைப் பிடிப்பது. எங்கள் ஜனங்கள் கோவிலுக்குள் காலை வைத்தால் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போடும், உதடு தானாக எதிரே நிற்கும் புனிதரின் பாதத்துக்குப் போகும். அப்படி முத்தமிட்டே சில புனிதர்களுக்குப் பாதம் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். லம்ப்ரினி எங்கிருந்தாவது முளைத்து "தொடாதீங்க" என்பாள். ஒருமுறை ஆயரே பேச்சு சுவாரசியத்தில் சுவர்ப் பக்கம் குனிந்துவிட்டார். "தொடாதீங்க சாமி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குத் 'தொடாதே லம்ப்ரினி' என்று பேர்.

எனக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. காலைக் காபியை நான்தான் எடுத்துப்போக வேண்டும். உள்ளே கொண்டுவரக் கூடாது, ஆவி சுவரில் படுமாம். என்னை வாசற்படியில் நிற்க வைத்துத்தான் குடிப்பாள். ஆனால் கதவைத் திறந்ததும் நேராக வடக்குச் சுவருக்குப் போய், அங்கே வரைந்திருக்கும் பரஸ்கெவி முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள்.

"அவ என்ன பதில் சொன்னா?" என்று கிண்டல் செய்வேன்.

"உன் காபியில தண்ணி ஜாஸ்தின்னு சொன்னா."

பரஸ்கெவி கண் நோய்க்காரர்களின் தெய்வம். அந்தச் சுவரில் இருக்கும் பரஸ்கெவிக்கு ஒரு கண்தான். வலது கண் இருந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் குழி. வெளியூர்க் கூட்டத்தை அழைத்து வரும் வழிகாட்டி இஸ்மினி அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "துருக்கிக்காரங்க ஆண்டப்ப தோண்டி எடுத்துட்டாங்க" என்பாள். கூட்டம் உச்சுக் கொட்டும். லம்ப்ரினி தரையைப் பார்ப்பாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது போலும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன ஆரஞ்சுப் பருவத்தில் ஒரு மழை நாள். காபியோடு படியேறினேன். வழக்கமாக வாசலில் நிற்பவளைக் காணோம். உள்ளே குரல் கேட்டது.

"கையை எடு."

"ஒரு நகத்தளவு போதும்க்கா. சாமி ஒண்ணும் நினைச்சுக்காது."

"எடுன்னு சொன்னேன்ல."

எட்டிப் பார்த்தேன். வடக்குச் சுவர் முன்னால் இளம்பெண் ஒருத்தி, கையில் கொண்டை ஊசி. லம்ப்ரினி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் ஆறேழு வயதுப் பெண் குழந்தை. சத்தம் வந்த பக்கம், கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அதன் இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.

அந்தப் பெண் பேர் ஜோயிட்சா. மலைக் கிராமத்திலிருந்து ஆரஞ்சு பறிக்க வந்தவள். மகள் அரெத்தி. நோய்க்குப் பேர் வைத்து, ஆபரேஷன் வேண்டும் என்று ஒரு டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று கேட்டதுமே இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"எங்க மாமியார்தான்க்கா சொன்னாங்க. இந்த ஊர்லயே ஒரு பொண்ணுக்குப் பூ விழுந்து, பரஸ்கெவி கண்ணைச் சுரண்டித் தண்ணியில கலந்து குடுத்தாங்களாம். பார்வை வந்துடுச்சாம். அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்காளாம்."

லம்ப்ரினி அவள் கையை விட்டாள்.

"அந்தப் பொண்ணு நான்தான்."

இத்தனை வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், இதை என்னிடம் மூச்சு விட்டதில்லை.

"வலது கண்ணு. உன் பொண்ணு வயசுதான் எனக்கு. எங்கம்மா ஏப்ரனுக்குள்ள கத்தியை ஒளிச்சு எடுத்துட்டு வந்தாங்க. சுரண்டி, குப்பியில இருந்த தண்ணியில போட்டு, இதே இடத்துல நிக்க வச்சு என்னைக் குடிக்க வச்சாங்க. சுண்ணாம்பு வாசனை இப்பவும் நாக்குல இருக்கு. திரும்பிப் பாத்தா காவலாளி திமியோஸ் நிக்கறாரு."

"போலீஸைக் கூப்பிட்டாரா?" என்றாள் ஜோயிட்சா.

"கூப்பிட்டிருக்கலாம். 'குடுத்தாச்சா?'ன்னு மட்டும் கேட்டாரு. குடுத்தாச்சுன்னாங்க அம்மா. 'அப்ப பரஸ்கெவி வேலை முடிஞ்சுது. மிச்சத்தை டாக்டர் பாத்துக்கட்டும், வண்டியில ஏறுங்க'ன்னாரு. ஆரஞ்சு ஏத்துற வண்டி. யானினா பெரியாஸ்பத்திரி வரைக்கும் கூடைமேல உக்காந்துதான் போனோம். ஆபரேஷன் முடியற வரைக்கும் எங்களைத் தன் தங்கச்சி வீட்டுல தங்க வச்சாரு. இங்க கேட்டவங்ககிட்ட ஈரத்துல காரை பேந்துடுச்சுன்னு சொல்லிட்டாரு. எங்கம்மா சாகற வரைக்கும் அந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சுன்னாங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் பரஸ்கெவிக்குத் தினமும் நன்றி சொல்றேன். ஆனா படுக்கப் போறப்ப முதல்ல திமியோஸ் பேரைத்தான் சொல்லுவேன்."

இத்தோடு முடிந்தது, அவள் கிளம்பிவிடுவாள் என்று நான் நினைத்தேன். ஜோயிட்சா நகரவில்லை. ஊசியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்குக் கிடைச்சது எம் பொண்ணுக்கு மட்டும் கிடைக்கக் கூடாதா? உங்க காவலாளி கண்ணை மூடிக்கிட்டாரு. நீங்க கையைப் பிடிக்கறீங்க."

ஆயரையே நிமிர வைத்தவள், கூலிக்காரப் பெண் ஒருத்தி முன்னால் தலையைக் குனிந்தாள். பிறகு லம்ப்ரினி சுவர்ப் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"இவ முன்னாடி வாக்குக் குடுக்கறேன். முதல்ல டாக்டர். டாக்டர் கைவிட்டுட்டா நீ ஊசியோட வா. நான் திரும்பி நின்னுக்கறேன். வேலை போனாலும் போகட்டும்."

"சத்தியமா?"

"அவகிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வராது." பிறகு என்னைப் பார்த்தாள். "ஸ்தாதிஸ், உன் வேன் ஓடுதா?"

"ஓடுது. ஆனா கடையில அடுப்பு—"

"அணைச்சுட்டுப் பூட்டு."

பூட்டினேன். அவளும் கோவிலைப் பூட்டி, 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கவிட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து காய்ச்சலோடுகூட வந்து கதவைத் திறந்தவள். மலைப்பாதை முழுக்க அரெத்தி எங்கே திருப்பம் வருகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தது. ஜோயிட்சா குழந்தையை மடியில் வைத்து அழுத்தியிருந்தாள், நடு வழியில் கதவைத் திறந்து குதித்துவிடுவாளோ என்று எனக்கே பயமாக இருந்தது.

யானினாவில் டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். சீக்கிரம் கொண்டுவந்திருக்க வேண்டும், எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் செய்து பார்க்கலாம் என்றார். ஒரு கண் முதலில், பிறகு மற்றது.

இரண்டு தடவையும் லம்ப்ரினி விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி நடையில் ஜோயிட்சாவோடு உட்கார்ந்தாள். முதல் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது ஆபரேஷன் முடிந்த அன்று நான் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுபோனேன், எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சாப்பாடு அதுதான். ஜோயிட்சா குழந்தையின் கட்டில் பக்கம் போயிருந்தாள். லம்ப்ரினி ரொட்டியைப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

"என்ன, உப்பு ஜாஸ்தியா?"

"நாளைக்குக் கட்டுப் பிரிக்கறாங்க. கண்ணு தெரியலைன்னா?"

"தெரியும்."

"தெரியலைன்னா நான் திரும்பி நிக்கணும், ஸ்தாதிஸ். வாக்குக் குடுத்துட்டேன். ஒண்ணை எங்கம்மா எடுத்தாச்சு. இதுவும் போயிட்டா பரஸ்கெவி எதை வச்சுப் பாப்பா?"

சுவரில் இருக்கும் சாயத்துக்கு இவ்வளவு கவலையா என்று மற்ற நாளாக இருந்தால் கேட்டிருப்பேன். அன்றைக்கு நானும் ரொட்டியைச் சாப்பிடவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது அரெத்தி வெகுநேரம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அம்மா முகத்தைத் தடவிப் பார்த்தது, பிறகு தடவாமல் பார்த்தது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பியது.

"இந்த அத்தை மூக்குல மச்சம் இருக்கு."

லம்ப்ரினி அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மச்சத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனாலும் வேனுக்குத் திரும்பும் வழியில் பரஸ்கெவிக்கும், டாக்டரம்மாவுக்கும், நான் பார்த்தே இராத அந்தத் திமியோஸுக்கும் சேர்த்து ஒரு சிலுவை போட்டேன். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவர்களே பிரித்துக்கொள்ளட்டும்.

திருநாளன்று இருவரும் வந்தார்கள். அரெத்திக்குத் தடிமனான மூக்குக் கண்ணாடி. ஜோயிட்சா கையில் வெள்ளித் தகடு ஒன்று, அதில் ஒரு ஜோடிக் கண் பொறித்திருந்தது. நேர்த்திக்கடன். சுவரில் எதையும் மாட்டக் கூடாது என்பது சட்டம். லம்ப்ரினி தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து, கோவில் சாவிக்குப் பக்கத்தில் அதைக் கோத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து ஊர்க்காரர்கள் கலைந்ததும் இஸ்மினி ஒரு கூட்டத்தோடு வந்தாள். தலைக்கு ஒரு காபி தேறும் என்று கணக்குப் போட்டு, நானும் அவர்கள் பின்னாலேயே உள்ளே போயிருந்தேன். வடக்குச் சுவர் வந்ததும் அவள் குரல் தாழ்ந்தது. "துருக்கிக்காரங்க தோண்டி எடுத்துட்டாங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. முன்னால் நின்ற அரெத்தி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கேட்டது.

"எதுக்கு ஒண்ணை மட்டும் எடுத்தாங்க?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள். இஸ்மினி அடுத்த சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். நான் லம்ப்ரினியைப் பார்த்தேன். இந்த இடத்தில் அவள் தரையைப் பார்ப்பாள், எனக்குத் தெரியும். அன்று பார்க்கவில்லை.

"துருக்கிக்காரங்க எடுக்கலை. எங்கம்மா எடுத்தாங்க. எனக்குப் பார்வை வரணும்னு."

ஜோயிட்சா வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அப்ப அந்தக் கண்ணு இப்ப எங்க இருக்கு?" என்றது அரெத்தி.

லம்ப்ரினி குனிந்து தன் முகத்தை அதன் கண்ணாடிக்கு நேரே கொண்டுபோனாள். "இதோ. என்கிட்டதான் இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்."

குழந்தை அந்தக் கண்ணை நன்றாகப் பார்த்தது. பிறகு சுவரில் இருக்கும் கண்ணைப் பார்த்தது. இரண்டையும் ஒப்பிட்டு முடித்த பிறகு, எங்கள் ஜனங்களின் உதடு எங்கே போகுமோ அங்கே அதன் கை போயிற்று, பரஸ்கெவியின் பாதத்துக்கு.

"தொடாதேம்மா," என்றாள் லம்ப்ரினி. "பாரு."