மஞ்சள் புள்ளி வெச்ச பாட்டரி

ஹெலன்க்காவ பத்தி எழுதணும்னு ஒரு வாரமா துடிச்சிகினு இருக்கேன். தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல எங்க கம்பெனி பிளாஸ்டிக் மூடி செய்யுது. நான் மெஷின்ல நிப்பேன், அக்கா செக்கிங். கையில எப்பவும் மஞ்சள் மார்க்கர். சரின்னு பட்டா ஒரு புள்ளி வெக்கும். புள்ளி இல்லாம ஒரு மூடி வெளிய போவாது. அந்தப் பழக்கத்துல அக்காவோட டிபன் பாக்ஸ், குடை, கேமரா, அது பாட்டரி வரைக்கும் மஞ்சள் புள்ளிதான்.

என் தங்கச்சி ஸ்நேகா கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரன் வேணாம், நானே எடுக்கறேன்னு ஊட்ல அடம்புடிச்சி ஒரு சின்ன கேமரா வாங்குனேன். பெரிய பேரு, செவப்பு எழுத்து. அக்காகிட்ட இருந்தது சாதா பேரு, பாதி விலை. சாப்பாட்டு நேரத்துல ரெண்டையும் பக்கத்துல வெச்சி, மூடிய திருப்பிப் பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்துச்சி.

"டேய் அந்தோணி, ரெண்டும் ஒரே அச்சுடா. அதே லென்சு, அதே பட்டன். மேல இருக்கற பேருக்கா இவ்ளோ டப்பு குடுத்த?"

"உன்னுது திருவிழா கடை கேமராக்கா. இத கையில எடுத்தாலே மரியாதை வரும்."

"வரட்டும், வந்து போட்டோ எடுக்கட்டும்" னு சிரிச்சிகினே என் கேமராவுல புள்ளி வெக்க வந்துச்சி. நான் உடல. பேரு அழுக்காயிடும்னு புடுங்கிக்கினேன். அந்தப் பேருல இன்னொரு பாட்டரி, சாதா பேர விட மூணு மடங்கு விலை, அதனால அத வாங்கவும் இல்ல.

கல்யாணத்தன்னிக்கி காலையிலேர்ந்து பாக்கறவனுக்கெல்லாம் காட்டி, எடுத்து, அலட்டிக்கினேன். எங்க சர்ச்ல ஃபாதர் கண்டிப்பு, செல்லு எல்லாம் வாசல்ல இருக்கற கூடையில. கேமராவுக்கு மட்டும் அனுமதி. ஆக மொத்தம் சர்ச்சுக்குள்ள என்னை நம்பித்தான் கல்யாணமே.

எங்கப்பா சாலமோனுக்கு வாதம் வந்து ரெண்டு வருஷம். சக்கர நாற்காலியில வெச்சி தள்ளிகினு வர்றதா ஏற்பாடு. வாசல்ல வந்ததும் அப்பா கையத் தூக்குனாரு.

"தள்ளாத. எம்பொண்ண நானே கூட்டிகினு போறேன்."

ஸ்நேகா தோளப் புடிச்சி எழுந்திரிக்கறாரு. நான் கேமராவத் தூக்கறேன். திரை கறுப்பு. சார்ஜ் போச்சி! பட்டன அழுத்தி அழுத்திப் பாக்கறேன். அப்பாவோட கால் முன்னாடி வருது, ஒன்னு...

பாட்டுக்குழு பக்கத்துல நின்ன ஹெலன்க்கா தன் கேமராவத் தொறந்து, பாட்டரிய உருவிகினு ஓடி வந்து என் கையில திணிச்சிது.

"புடி!"

"இது உன்னுதுக்கா, என்னுதுல..."

"மாமா நடக்கறாரு, இவன் பேரு பாக்கறான். போடுடா!"

போட்டேன். 'கிளிக்'னு உக்காந்துச்சி. அப்பா மூணாவது அடியில சிரிச்சாரு. ரெண்டு வருஷத்துல மொத சிரிப்பு. அது என்கிட்ட இருக்கு!

திங்கக்கிழமை கேண்டீன்ல பாட்டரியத் திருப்பிக் குடுத்தப்பதான் தோணுச்சி. அக்காவோட பொண்ணு ஜெபா மொத தடவ தனியா பாடுனது ஸ்நேகா கல்யாணத்துலதான். அதுக்குத்தான் அக்கா கேமராவோட நின்னுச்சி. நான் வாசலப் பாத்து நின்னதால அந்நேரம் பின்னாடி பாடுன புள்ளைய எடுக்கவே இல்ல.

"ஜெபாவ எடுத்தியாக்கா?"

"எதுல எடுக்கறது? பாட்டரி உன்கிட்ட இல்ல இருந்துச்சி?" சாதாரணமா சொல்லிட்டு இட்லியத் தொட்டுச்சி.

போன ஞாயித்துக்கிழம மொத ரயில்ல அக்கா ஊரு ஆரம்பாக்கம் போனேன், சார்ஜ் நெறய ஏத்திகினு. அவங்க சர்ச்ல ஜெபா மறுபடி பாடுச்சி. வாயத் தொறந்ததுலேர்ந்து வெக்கப்பட்டு தலைய குனிஞ்சது வரைக்கும் ஒன்னு விடல. வெளிய வந்து அக்காவுக்குக் காட்டுனேன். ஒவ்வொன்னா பாத்துச்சி, ரொம்ப நேரம், செக்கிங்ல பாக்கற அதே பார்வை.

அப்புறம் பையிலேர்ந்து மார்க்கர எடுத்துச்சி. நானே கேமராவ நீட்டுனேன், செவப்பு எழுத்துக்குப் பக்கத்துலயே புள்ளி வெய்யிக்கான்னு.