எழுபத்தேழாம் தேதி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவளுக்கு அந்தச் சமாதானம் போதாது என்று எனக்குப் புரியவைத்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

அவள் அந்த வருஷம்தான் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு அங்கே வேலை. காரைக்கால் பக்கம் தலத்தெருவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா மகளோடு வந்துவிட்டார். கணக்கில் கெட்டிக்காரி என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போனார். எல்லா அம்மாவும் சொல்வதுதானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் தேர்வுத் தாளைத் திருத்தும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொன்று வரவேண்டிய இடத்தில் எழுபத்தேழு. ஏழு வரவேண்டிய இடத்திலோ, எழுதிவிட்டுக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தாள். நூற்றுக்கு முப்பத்தொன்று. வகுப்பில் எல்லார் முன்னாலும் தாளைத் தூக்கிக் காட்டி, கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கிறாயே என்று கத்தினேன். அவள் எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். எதிர்த்துப் பேசாதே, உட்கார் என்றேன். அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன், மகா புத்திசாலி நான்.

இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா வந்தார், கையில் டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பத்தோடு. வகுப்பாசிரியை என்பதால் முதல் கையெழுத்து நான் போடவேண்டும். காலையில் கிளம்பச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாளாம். இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம், அப்பாவிடமே போய்விடுகிறேன் என்று அழுகிறாளாம். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

பேனாவைத் திறந்தவள் தேதியைப் பார்த்தேன். விண்ணப்பத்தை எழுதியிருந்தவள் மகள். அன்றைக்கு ஜூலை பதினொன்று. தாளில் எழுபத்தேழு என்று இருந்தது. எந்த மாதத்தில் எழுபத்தேழாம் தேதி வருகிறது?

உற்றுப் பார்த்தேன். ஒன்றின் தலையில் நீளமாக ஒரு கொக்கி. பக்கத்தில் மாதத்துக்கு ஏழு, அதன் நடுவில் குறுக்குக் கோடு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது, எங்கள் தெருவிலேயே பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற வீடுகள் நாலு உண்டு. அவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். காரைக்காலில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கோபத்தில் கண் அவிந்து போயிருந்தது.

வெளியே நின்ற பிள்ளையைக் கூப்பிட்டு, விண்ணப்பத்தைக் காட்டிக் கேட்டேன்.

"இது ஒண்ணுதானேம்மா?"

"ஆமாங்க மிஸ். அங்க அப்படித்தான் எழுதுவோம்."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"சொல்லத்தான் எழுந்தேங்க மிஸ். உட்காருன்னீங்க."

நான் அதை எழுபத்தேழாம் தேதி என்று படித்த கதையைச் சொன்னேன். அம்மா சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. விண்ணப்பம் உங்களிடமே இருக்கட்டும், ஒரு வாரம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அம்மா போனார்.

திட்டியது எல்லார் முன்னாலும் என்றால் மன்னிப்பும் அங்கேதான் கேட்கவேண்டும். மறுநாள் கேட்டேன். தாளைத் திரும்பத் திருத்தினால் எண்பத்தாறு! பொதுத்தேர்வில் முகம் தெரியாதவர்கள் திருத்துவார்கள், அதனால் கொக்கியை மட்டும் சின்னதாக்கிக்கொள் என்றேன். ஏழின் கோடு இருக்கட்டும், இனி நானும் போடுகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தையே பார்த்துப் பாடம் நடத்தினேன். பதிவேட்டுக்குள் அந்த விண்ணப்பம் உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவசரத்தில் போர்டில் ஓர் எண்ணைக் கிறுக்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"மிஸ், அது ஒண்ணா, ஏழாங்க?"

வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டது, என் குணம் அவர்களுக்குத் தெரியாதா என்ன. திரும்பினேன். அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். போர்டைப் பார்த்தேன், எது என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றுதான், கோழி கிளறிவிட்டது என்று சொல்லி அழித்து எழுதினேன். எனக்கு அத்தனை சந்தோஷம்.

மணி அடித்ததும் மேஜைக்கு வந்தாள். டி.சி. விண்ணப்பத்தை என்ன செய்யட்டும் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அதுல எழுபத்தேழாம் தேதின்னுதானே போட்டிருக்கு? அன்னைக்கே போறேங்க மிஸ்."