குண்டுகுழி நிரப்பிய டப்பா

கடத்தூர் சகாயமேரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கை மட்டும் படு சுத்தம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டெக்னீசியனாக இருந்தவள், அங்கே மெஷினில் சோடா லைம் நிரப்பியே பழகியவள். கைவிட்ட கல்குவாரி ஒன்றில் தேங்கிக் கிடந்த ஆழத் தண்ணீரில் முக்குளிப்புப் பயிற்சி முகாம் தொடங்கியபோது, அங்கேயும் சோடா லைம் வேலைதான் என்று கேள்விப்பட்டுத் தானே போய் வேலை கேட்டாள்.

முகாமில் இருந்தது ரீபிரீதர். விட்ட மூச்சை வெளியே போக விடாமல், சுத்தம் செய்து திரும்பக் கொடுக்கிற கருவி. சுத்தம் செய்வது அதனுள்ளே இருக்கும் ஸ்க்ரப்பர் டப்பா. அதில் சோடா லைம் குருணை நெருக்கமாக அடைந்திருந்தால் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். எங்காவது சந்து கிடைத்துவிட்டால் போச்சு. கெட்ட காற்று அதன் வழியே நழுவி, முக்குளிப்பவரிடமே திரும்பி வரும்.

குவாரியில் எந்நேரமும் கல்தூசி பறக்கும். அதனால் சகாயமேரி வீட்டிலேயே டப்பாவைக் கழுவிக் காயவைத்து, ரப்பர் வளையத்தில் ஒரு தூசி ஒட்டாமல் துடைத்து, குருணையைக் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பி மூடிவிடுவாள். பிறகு கணவன் சவுரியப்பனின் மொபெட்டில் மடியில் வைத்துக்கொண்டு போவாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து நிரப்பியும் இரண்டு முறை சொதப்பியது. பயிற்சியாளர் பிரபாகர் இரண்டு முறையும் பாதியிலேயே மேலே வந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரை இருக்குதுங்களா?" என்றார். இன்னொரு முறை இப்படி ஆனால் சென்னையிலிருந்து வேறு ஆள் வருவார் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். வேலை போவது கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன் கையை நம்பி இறங்கிய மனிதர் தலைவலியோடு வந்தாரே, அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

அன்று சாயங்காலம் சவுரியப்பன் மில்லிலிருந்து கேழ்வரகு மாவு கொண்டுவந்தான். அவனுடைய அம்மா மிக்கேலம்மாள் டின்னைத் திறந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டாள்.

"டின்னுல ரெண்டு வெரக்கட அளவு கொறையுதே! மில்லுக்காரன் நல்லா கை வெச்சிட்டாம் பாரு!"

"டின்னு நெறையத்தாம்மா அரைச்சுக் குடுத்தான். ரோட்டுல குலுங்கி எறங்கிப் போச்சு."

சகாயமேரி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "அத்தே, நீங்க தெய்வங்க!" என்று மாமியாரைக் கட்டிக்கொண்டாள். மில்லுக்காரனைத் திட்டியதற்கு எதற்கு இத்தனை மரியாதை என்று மிக்கேலம்மாளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

நிரப்பியதில் பிழை இல்லை. நிரப்பி மூடிய பிறகு குவாரிப் பாதையின் குண்டும் குழியும் குருணையை இன்னும் அமுக்கிவிட்டன. மேலே விழுந்த வெற்றிடம், முக்குளிப்பவர் முதுகில் டப்பா படுக்கையாகக் கிடந்ததும் பக்கவாட்டில் சந்தாகிவிட்டது.

மறுநாள் மிச்சக் குருணையையும் பையில் கட்டிக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு குழியையும் வுடாதீங்க. எல்லாத்துலயும் ஏத்தி எறக்குங்க" என்றாள். பொண்டாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே சவுரியப்பன் நினைத்தான். ஆனாலும் ஏற்றி இறக்கினான். கரையில் கல்தூசி படாமல் துணியால் மறைப்புக் கட்டிக்கொண்டு அவள் மூடியைத் திறந்தாள். குருணை நன்றாக இறங்கியிருந்தது. நடந்ததைப் பிரபாகரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர் கண்முன்னே விளிம்புவரை நிரப்பி, தட்டிப் பார்த்து, அழுத்தி மூடினாள். அவர் கரையிலேயே உட்கார்ந்து அதில் மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு, தலையசைத்து இறங்கினார்.

ரீபிரீதரில் போனவருக்குக் குமிழி வராது. உயிரோடு இருக்கிறாரா என்று தண்ணீர் சொல்லாது. சகாயமேரி அசையாமல் நின்றாள். முன்பு அவர் மேலே வந்த நேரம் கடந்தது. அவள் மாதாவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பயிற்சி நேரம் முழுதும் முடிந்த பிறகு தண்ணீர் பிளந்தது. பிரபாகர் முகமூடியைக் கழற்றினார். தலையில் கை போகவில்லை.

"மேரிக்கா, சோறு இருக்குதுங்களா? பசி உயிர் போவுது!"

கரை முழுக்கக் கைதட்டல். சகாயமேரி அழுதுகொண்டே சிரித்தாள். திரும்பும் வழியில் சவுரியப்பன் வழக்கம்போல், "இந்த ரோட்டைப் போட ஒருத்தனுக்கும் துப்பில்ல" என்று ஆரம்பித்தான்.

பின்னாலிருந்து அவள் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "என் ரோட்டை ஒண்ணும் சொல்லாதீங்க. அதுதான் எனக்கு அசிஸ்டெண்ட்டு."