ஆணி அடித்த பெட்டி

பழவேற்காட்டில் எறா மீனை ஐஸ் போட்டு தெர்மகோல் பெட்டியில் அடைத்து லாரிக்கு அனுப்புவது என் வேலை. ஐஸ் விழும் சத்தம் கேட்டால் அண்ணன் வந்த நாள் நினைவுக்கு வந்துவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. துபாய்க்கு வேலைக்குப் போய்ச் செத்துப்போன அண்ணன், விமானத்தில் சரக்கோடு சரக்காக வந்தான். மெட்ராஸிலிருந்து வேனில் ஏரிக்கரைக்கு வந்தான். எங்கள் ஊருக்கு அப்போது பாலம் கிடையாது. நைனா தன் எறாப் படகிலேயே பெட்டியை ஏற்றினார். ஆணி அடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நடு ஏரியில் வெயில் ஏறியது. நைனா படகு தள்ளும் கோலை வைத்துவிட்டு, எறாவுக்கு வாங்கி வைத்திருந்த ஐஸை அள்ளிப் பெட்டிமேல் கொட்டினார். தினமும் செய்வதுதான். கை தானாகச் செய்தது.

அம்மா சொன்னாள்: "இன்னாய்யா பண்றே? அவன் இன்னா எறாவா?"

"கரை போற வரிக்கும் தாங்கணுமே" என்றார் நைனா.

ஐஸ் உருகிப் பலகை இடுக்கில் இறங்கியது. பெட்டியோடு புதைத்தோம். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"மூடுக்கா, கரையுது" என்கிறான் லாரி டிரைவர்.

"இருப்பா" என்கிறேன். ஒவ்வொரு பெட்டியையும் மூடுமுன் ஒருமுறை உள்ளே பார்த்துக்கொள்கிறேன்.