பிச்சிக்கு வெள்ளம்

குதிரையின் இடது விலாவில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு ராஜபாய் கண்ணை மூடிவிட்டார் என்றால், பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சுகூடச் சத்தமில்லாமல்தான் விட வேண்டும். முதல் நாளே நான் தும்மித் தொலைத்துவிட்டேன். "ஒச்சை கேக்கணும் சாரே, செத்த அனங்காம நில்லுங்க" என்று கையை மட்டும் அசைத்தார். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தி, ஐம்பது பிள்ளைகளைப் பார்வையாலேயே அடக்கியவன் நான். ஒரு குதிரையின் வயிற்றுச் சத்தத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பிறகு காது வலது பக்கம் போகும். மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். தூரத்தில் இடி உருள்வது மாதிரி ஒரு சத்தம், குடத்தில் தண்ணீர் குலுங்குவது மாதிரி ஒரு சத்தம் என்று வகை பிரித்து வைத்திருக்கிறார். "இவ வயிறு பேசிட்டே கெடக்கணும். பேசினா சொகம். மிண்டாம இருந்துட்டான்னா நம்ம பாடு தீந்துது" என்பார். மிண்டாமல் என்றால் வாய் திறக்காமல் என்று அர்த்தம். இங்கே திறக்காமல் போவது வயிறு.

குதிரையின் பெயர் பிச்சி. நல்ல வெள்ளை, நெற்றியில் மட்டும் யாரோ சாம்பலைத் தொட்டு வைத்தது போல ஒரு பொட்டு. மாலையானால் சொத்தவிளைக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்த் திரும்பும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் பிச்சி என்றால் பைத்தியக்காரியாம். ராஜபாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "பிச்சிப்பூவு தெரியாதா உங்களுக்கு? தோவாளைச் சந்தையில போய்ப் பாருங்க, கூடை கூடையாட்டு கெடக்கும். பைத்தியமாம்லா!"

ராஜபாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு துவர்த்து. அந்தத் துண்டு பிச்சியின் முகம் துடைக்கவா தன் முகம் துடைக்கவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். பிறந்தது திற்பரப்புப் பக்கம், வாழ வந்தது ராஜாக்கமங்கலம். கணவர் யேசுரத்தினம் எர்ணாகுளத்தில் கொத்தனார். மாதம் ஒருமுறை வருவார், வந்தாலும் குதிரைக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்பார். அந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரே கட்சி. மகள் பெபிஷா கத்தாரில் நர்ஸ். "மனுஷருக்கு அவ பாக்கியா, இவளுக்கு நான் பாக்கியேன்" என்று ராஜபாய் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வரும்.

மகள் அனுப்பிய தெர்மாமீட்டர் பிச்சிக்குத்தான். அதன் நுனியில் நூல் கட்டி, நூலின் மறுமுனையைத் துணி காயப்போடும் கிளிப்பால் வால் மயிரில் மாட்டிவிடுவார். தவறி உள்ளே போய்விடக் கூடாதே. பிறகு மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். இரண்டுக்குள் வெளுத்த இடம் சிவந்தாக வேண்டும். வாரம் ஒருமுறை லத்தியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து வைத்து, அடியில் எவ்வளவு மணல் படிகிறது என்று பார்ப்பார். கடற்கரையில் மேய்கிற குதிரை புல்லோடு மணலையும் தின்னும்; அது வயிற்றில் சேர்ந்தால் ஆபத்து. என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூட இத்தனை சோதனை நடக்கவில்லை.

குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வளைந்த கம்பியால் அழுக்கெடுக்கும்போது, பக்கத்தில் சிப்பித்துண்டுகளும் ஐஸ்கிரீம் குச்சிகளும் குவியும். "பாத்தியளா, ஆளுவ செய்யிய வேலைய" என்று குச்சியை என்னிடம் நீட்டுவார், நான்தான் போட்டேன் என்பது போல. சுற்றுலா வருகிறவர்கள் சுட்ட சோளம், பிஸ்கட், ஒருமுறை பரோட்டாகூட நீட்டியிருக்கிறார்கள். "அவளுக்கு வாந்தி எடுக்க ஒக்காது மக்கா. தின்னது தின்னதுதான், திரும்ப வராது. உங்க பிள்ளைக்குக் குடுங்க" என்று கைக்கும் குதிரைக்கும் நடுவில் போய் நின்றுகொள்வார்.

குதிரை வயிறும் மாட்டு வயிறும் ஒன்றல்ல என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். முன்பு கடற்கரையில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தபோது, சவாரி விடுகிற ஒருவர், "ரெண்டு நாளு பாத்துக்கிடுங்க" என்று ஒரு நொண்டிக் குதிரையைக் கட்டிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அதை ராஜபாய் ஒன்றரை வருடம் வளர்த்தார், கால்கூடச் சரியாகிவிட்டது. ஒருநாள் அதற்கு வயிறு உப்பியது. மாட்டுக்கு வயிறு உப்பினால் நம் பக்கத்தில் என்ன செய்வோமோ அதையே செய்தார். இஞ்சி, பூண்டு, பெருங்காயம் தட்டிப்போட்டு நல்லெண்ணெய் கலந்து, தலையை மேலே தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயால் தொண்டையில் ஊற்றினார். பாதி நுரையீரலுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் செத்தது. "நான் கொன்னேன் சாரே, வேற யாரும் இல்ல" என்றுதான் அதைச் சொல்லி முடிப்பார்.

பிச்சி வந்த பிறகு ஒரு வைராக்கியம். டாக்டர் சொல்லாமல் ஒன்றும் கொடுப்பதில்லை. டாக்டர் சொன்னால் ஓர் எழுத்து மாற்றுவதில்லை. இப்போதைய கால்நடை டாக்டர் தருமபுரிப் பக்கத்துக்காரர், சின்ன வயது, இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் "கொள்ளு" என்றதும் முதலில் ராஜபாய் விழித்தார். நம் ஊரில் அது காணம். பிறகு பழகிவிட்டது. "டாக்டர் தமிழு இப்ப எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் நினைப்பு.

இந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை. நடக்கப் போன நான் அவர் கொட்டகைப் பக்கம் வந்தபோது காலை ஆறு மணி. ராஜபாய் விலாவில் காதை வைத்திருந்தார். இரண்டு நிமிடம் போயிற்று, ஐந்து நிமிடம் போயிற்று, காதை எடுக்கவில்லை. பிச்சி முன்னங்காலால் மண்ணைப் பிராண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது.

"மிண்ட மாட்டேங்கா சாரே" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரு ஒச்சை இல்ல. ராத்திரி லத்தியும் போடல்ல."

போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரைக் கூப்பிட்டார். தென்னை ஓலைகளைக் காற்று போட்டு அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் மலைப்பக்கம் ஒரு முகாமில் இருந்தார், வர மதியம் ஆகும் என்றார். காய்ச்சல் எவ்வளவு, ஈறு என்ன நிறம், எப்போதிலிருந்து என்று கேட்டார். ராஜபாய் ஒப்புவித்தார்.

"பயப்படாதீங்கம்மா. தவிடு வேணாம், கொள்ளு வேணாம், வைக்கோல் வேணாம், வெள்ளம் வேணாம். படுத்துப் பொரள உடாதீங்க, மெதுவா நடத்திக்கிட்டே இருங்க."

"வெள்ளமும் வேண்டாமா சார்?" ராஜபாய் கேட்டார்.

"வேணவே வேணாம்மா. அதத்தான் மொதல்ல நிறுத்தணும்."

எனக்கும் கேட்டது. ஆபரேஷனுக்கு முன் மனிதருக்கே பச்சைத் தண்ணீர் தர மாட்டார்கள், இது அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று நான் விளக்கம் வேறு சொன்னேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

ராஜபாய் நடத்த ஆரம்பித்தார். கொட்டகையிலிருந்து தெருமுனை, தெருமுனையிலிருந்து கொட்டகை. ஏழு மணிக்கே வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் பிச்சி கழுத்தை அந்தப் பக்கம் இழுத்தது. ராஜபாய் இந்தப் பக்கம் இழுத்தார். பிறகு தொட்டியின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடினார். நிறைந்திருந்த வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார், அது கண்ணில் பட வேண்டாம் என்று. பிச்சி அவர் உள்ளங்கை வியர்வையை நக்கியது. "வேண்டாம்டி மோளே. டாக்டர் சொல்லியாச்சு" என்று கையை உதறினார். மறுபடி நக்கியபோது மூக்கில் ஒரு தட்டு தட்டினார். தட்டிவிட்டு அந்த இடத்தையே தடவினார்.

ஒருமுறை நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார். "இவளும் என் கையால போயிட்டான்னா, பொறவு நான் ஒரு கோழிகூட வளக்க மாட்டேன் சாரே. எனக்கு அதுக்கு யோக்கியதை இல்ல."

பதினொரு மணிக்குப் பிச்சியின் கால்கள் இடறின. ஈறு பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. அழுத்தினால் நாலு எண்ணியும் சிவக்கவில்லை. அப்போதுதான் டாக்டர் கூப்பிட்டார், வழியில் இருப்பதாக.

"லத்தி போட்டுச்சாம்மா? தண்ணி எத்தன வாளி குடிச்சுது?"

"தண்ணியா?" ராஜபாய் என்னைப் பார்த்தார். "நீங்கதானே சார் வெள்ளம் குடுக்கப்பிடாதுன்னு சொன்னிய?"

எதிர்முனையில் டாக்டர் கத்திவிட்டார்.

"ஐயோ, வெல்லம்மா! வெல்லம்! பாயசத்துல போடுவாங்களே, அது! தவிட்டுல கலந்து வைப்பாங்கன்னு சொன்னேன். தண்ணிய நிறுத்தச் சொல்லுவனா நானு? வயித்துல சாதாரண அடைப்புதாம்மா அது, தண்ணிதான் மருந்தே!"

எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சக்கரை. குடிக்கிற தண்ணீர்தான் வெள்ளம். தாய்ப்பாலோடு கற்ற சொல், அதனால் அவர் லகரத்தில் சொன்னதை நாங்கள் இருவரும் ளகரத்தில் கேட்டோம். ராஜபாய் பள்ளிக்கூடம் தாண்டாதவர், அவரை விடுங்கள். படித்துப் பட்டம் வாங்கி, கணக்கு வகுப்பிலும் பிள்ளைகளின் ல, ள, ழவைத் திருத்திய நானும் பக்கத்தில் நின்றேனே! எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

ராஜபாய் அழவில்லை. தகரத்தைத் தூக்கி எறிந்தார். டாக்டர் சொன்னபடி வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக, வாளியில் கால் பங்கு ஊற்றி வைத்தார். பிச்சி மூக்கை உள்ளே விட்டது. தொண்டையில் உருண்டை உருண்டையாகத் தண்ணீர் இறங்குவதை அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "நாலு தவண என் கைய நக்கினா சாரே. நாலு தவண கேட்டா. நான் அடிச்சேன்" என்றார். வாளி காலியானது. பத்து நிமிடம் விட்டு மறுபடி கால் பங்கு.

ஒரு மணிக்கு டாக்டர் பைக்கில் வந்து இறங்கினார். ஊசி போட்டார். நீளமான ரப்பர் குழாயை எடுத்ததும் ராஜபாய் இரண்டடி பின்னால் போய்விட்டார். டாக்டருக்கு அந்தப் பழைய கதை தெரியும். "இது மூக்கு வழியா நேரா வயித்துக்குப் போவுதும்மா. பாருங்க, கழுத்துல எடது பக்கம் எறங்குது, தொட்டுப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். குழாய் வழியாகத் தண்ணீரும் எண்ணெயும் போயின. "தப்பு எம்மேலயும்தாம்மா இருக்குது. இனிமே சாமி சத்தியமா இனிப்புன்னே சொல்றேன்" என்றார். ராஜபாய் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க நல்லாத்தான் சொன்னிய சார். நான்தான் என் வீட்டு வெள்ளமாட்டு கேட்டுட்டேன்" என்றார். இதைவிடத் திட்டியிருக்கலாம்.

டாக்டர் மூன்று மணிக்கு அடுத்த ஊருக்குப் போய்விட்டார், லத்தி விழுந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், திரும்பி வந்தேன். ராஜபாய் நடத்திக்கொண்டே இருந்தார். நடை, நிற்பது, காது, மறுபடி நடை. நான் தெருமுனைக் கல்லில் உட்கார்ந்து, முப்பது வருடம் போகாத ஜெபத்துக்குள் கொஞ்சம் போய் வந்தேன்.

ஐந்தரை இருக்கும். காதை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு ஒரு விரலை உயர்த்தினார். இன்னொரு விரல். "மிண்டுகா" என்றார், யாருக்கோ ரகசியம் சொல்வது போல. "சாரே, மிண்டுகா!" சொல்லி வாய் மூடுவதற்குள் பிச்சி வாலைத் தூக்கியது. பச்சையும் எண்ணெய்ப் பளபளப்புமாகப் பொத்பொத்தென்று விழுந்தது. ராஜபாய் ஓடிப்போய் அதைக் கையில் எடுத்து, பிட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, சிரித்தார். அருவருப்பு பார்க்கிற நான் அன்று கிட்டே போய், நானும் சிரித்தேன். டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். நாக்கு குழறாமல், ஒவ்வோர் எழுத்தாக, "லத்தி போட்டுவிட்டது" என்றேன்.

பிச்சி வாளிக்குள் தலையை விட்டு நிதானமாகக் குடித்தது. வயிறு நிறைந்ததும் தலையை எடுத்தது. அடியில் இரண்டு மூன்று டம்ளர் அளவு மிச்சம் இருந்தது. மேலே தூசும் எச்சில் நுரையும் மிதந்தன.

காலையிலிருந்து நான் இரண்டு சாயாவும் ஓர் இளநீரும் குடித்திருந்தேன். ராஜபாயின் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கி நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "ராஜபாய், உள்ள போய்த் தண்ணி கொண்டாரட்டா?" என்று எழுந்தேன்.

அவர் கையைக் கழுவித் துவர்த்தில் துடைத்தார். குனிந்து, பிச்சி மிச்சம் வைத்த வாளியை இரண்டு கையாலும் தூக்கி, அதன் விளிம்பில் வாயை வைத்துக் குடித்தார்.