கரப்பான் கேட்டு வந்த பெண்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பெண் பின்வாசலுக்குக் காலிப் பாட்டிலோடு வருவாள். காலேஜில் முதல் வருஷம் விலங்கியல். செய்முறைப் பரீட்சைக்குக் கரப்பான் பூச்சியை அறுத்துப் பழக வேண்டுமாம்.

"கரப்பான் கீதுன்னு காலேஜ் பூரா சொல்லிடாதம்மா, ஒருத்தனும் துன்ன வரமாட்டான்" என்பார் சமையல் மாஸ்டர். சொல்லிக்கொண்டே பிடித்தும் கொடுப்பார்.

அங்கேயே உட்கார்ந்து அறுப்பாள். அதற்கு முன் விரல் நுனிகளை ஊதிக்கொள்வாள். ஒருநாள் நரம்பு அறாமல் வந்தது. அதன் அடியில் கறுப்புக் காகிதத்தைச் செருகி, வெள்ளை நூல்போலத் தெரிந்ததை எங்களுக்குக் காட்டினாள்.

"பெயிலானா படிப்பு அவ்ளோதான்னு அப்பா சொல்லிட்டாருண்ணா. இனிமே பயமில்ல."

பரீட்சையன்று வெறுங்கையோடு வந்தாள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குத் தவளை வந்துவிட்டது. வகுப்பில் தவளையைத் தோழிதான் அறுப்பாளாம், இவள் படம் மட்டும் வரைவாளாம்.

"மயக்க மருந்து குடுத்துதான் வச்சிருந்தாங்க. ஆனா தொண்டை அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சுண்ணா. கத்தரிக்கோலை வச்சுட்டு வெளியே வந்துட்டேன்."

"அடுத்த தபா எழுதிக்கலாம், வுடும்மா" என்றார் மாஸ்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாரும் அறுத்தாங்க. எனக்கு மட்டும் ஏன்ணா முடியல?"

எட்டாவதைத் தாண்டாதவன் நான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவள் வரவில்லை. நானும் வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். ரயிலில் படித்தவர் யாராவது எதிரே உட்கார்ந்தால், அவள் கேட்டதைக் கேட்டுப் பார்க்கலாமா என்று இன்றும் தோன்றும். பதில் கிடைத்தாலும், போய்ச் சொல்ல அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.