அப்பா வாங்கிக்கொண்ட ஆட்டுத்தலை

என் அப்பா சார்சென்பெக் எங்கள் பண்ணையின் லைன்மேன். பல்காஷ் ஏரிக்குத் தெற்கே பதினொரு கிராமங்களின் கம்பங்கள் அவர் பொறுப்பு. காலில் இரும்புக் கொக்கிகளை மாட்டிக்கொண்டு ஒன்பது மீட்டர் கம்பத்தில் ஏறி, உச்சியில் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கீழே நிற்பவர்களோடு ஊர்க்கதை பேசுவார். காற்றுக்கும் மின்னலுக்கும் பயந்ததில்லை. அவர் பயந்த ஒரே ஆள் அவருடைய அப்பா, எங்கள் தாத்தா அபில்மாழின்.

சிகரெட்டைக்கூடக் கம்பத்தின் உச்சியில்தான் பிடிப்பார். தாத்தாவின் பார்வை அவ்வளவு உயரம் எட்டாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஊரில் ஏதாவது கம்பத்தின் மேல் புகை தெரிந்தால், தீப்பிடிக்கவில்லை, சார்சென்பெக் ஓய்வெடுக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தாத்தாவுக்கும் தெரியும்.

அப்பாவுக்கு முப்பத்திரண்டு வயதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. கரண்ட் அடித்து நரைத்தது என்று ஊர் சொல்லும். அது பொய், அவருடைய தாய்மாமன்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இந்த நரையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

எங்களிடையே, விருந்தில் ஆட்டுத்தலையை மதிப்பான பெரியவரின் முன் வைப்பார்கள்; ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கிற ஆண் அதை வாங்கக் கூடாது. வாங்கினால் தகப்பனுக்குச் சாவை அழைத்ததாக ஆகும். அதனால் எந்த வீட்டு விருந்திலும் வேகவைத்த தலை அப்பாவைத் தாண்டி யாருக்காவது போய்க்கொண்டே இருந்தது. அப்பா அதை, நிற்காமல் போகிற பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்ப்பார். அவரோடு படித்தவர்களில் மூன்று பேர் அதற்குள் தலை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். தாத்தாவோ தனக்கு வந்த தலையை முக்கால் மணி நேரம் சாப்பிடுவார். கன்னத்தை முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டு மகனைப் பார்ப்பார்.

"உனக்கொண்ணும் அவசரம் இல்லையேடா?"

"இல்லப்பா. நீங்க மெதுவா சாப்பிடுங்க."

"நூறு வயசு வரைக்கும் மெதுவாத்தான் சாப்பிடப் போறேன்."

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த கோஜபெக் என்ற மேய்ப்பரின் வீட்டுக்கு முதல் முதலாகக் கரண்ட் கொடுக்கப் போனார். பள்ளிக்கூடம் லீவு. மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் என்னையும் உட்காரவைத்துக்கொண்டார்.

நண்பகலுக்கு முன்னாலேயே பல்பு எரிந்தது. கோஜபெக்கின் மனைவி அதை அணைத்தும் போட்டும் பதினேழு முறை பார்த்தாள். கோஜபெக் வெளியே போய் ஒரு ஆட்டை அறுத்தார். அப்பாவை வாசலுக்கு நேர் எதிரே, உட்சுவர் ஓரமாக, கௌரவமான இடத்தில் மெத்தை போட்டு உட்காரவைத்தார்கள். அக்கம்பக்கத்து மேய்ப்பர்கள் நாலைந்து பேர் வந்து கீழே தள்ளி உட்கார்ந்தார்கள். அப்பா அதுவரை எந்த வீட்டிலும் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் அவருடைய குரலே மாறிவிட்டது. கொஞ்சம் கனைத்துவிட்டுப் பேசினார்.

தலை வந்தது. கோஜபெக் அப்பாவின் வெள்ளை முடியைப் பார்த்தார், வேறு எதையும் கேட்கவில்லை. தட்டை அப்பாவின் முன் வைத்தார்.

"பெரியவரே, எங்க வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்த ஆளு நீங்க. கத்தி எடுங்க."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'என் அப்பா இருக்கார்' என்று சொன்னால், அவர்கள் சந்தோஷமாகத் தட்டை நகர்த்தியிருப்பார்கள். ஒருவரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அப்பா வாயைத் திறந்தார். தலையைப் பார்த்தார். அது நல்ல பெரிய தலை, ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் தாத்தா உயிரோடு இருப்பது தெரிந்த ஒரே ஆள் நான்.

அப்பா கத்தியை எடுத்து ஆட்டின் வலது காதை அறுத்து என்னிடம் நீட்டினார்.

"பேசாம சாப்பிடு," என்றார் மெல்ல.

காது என்றால் எனக்கு உயிர். மொறுமொறுவென்று இருக்கும். வீட்டில் அது எப்போதும் தம்பிக்குத்தான் போகும், சின்னவன் என்று. நான் பேசாமல் சாப்பிட்டேன். அப்பா கன்னத்தில் ஒரு துண்டை நறுக்கி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பிறகு முறைப்படி ஆளுக்கு ஒரு துண்டாக நறுக்கிக் கொடுத்தார்; அத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து அந்த முறை முழுக்க அவருக்கு மனப்பாடம்.

சாப்பாடு முடிந்து கை கழுவியதும் கோஜபெக் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "இறந்துபோனவங்களுக்காக ஓதிடலாம். பெரியவரே, உங்க தகப்பனார் பேரு?"

அப்பா கை துடைத்துக்கொண்டிருந்த துண்டு கீழே விழுந்தது.

"எதுக்குங்க, வேண்டாம். உங்க வீட்டு ஆளுங்களுக்கு ஓதுங்க."

"அது எப்படிங்க? தலை வாங்கின விருந்தாளியோட தகப்பனை விட்டுட்டு ஓதுறதா? பேரு சொல்லுங்க, பேரு சொன்னாத்தான் போய்ச் சேரும்."

"போய்ச் சேர வேண்டாம்," என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கோஜபெக்கின் மனைவி, "பாவம், இன்னும் ஆறல போல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா, எப்போதோ செத்துப்போன தன் தாத்தாவின் பெயரைச் சொல்லித் தப்பிக்கத்தான் நினைத்தாராம். பின்னால் அம்மாவிடம் சொன்னார். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "அபில்மாழின்," என்று உண்மைப் பெயரே வந்துவிட்டது.

கோஜபெக்குக்கு நல்ல குரல். நீளமாக, உருக்கமாக ஓதினார். எல்லோரும் உள்ளங்கைகளை ஏந்தினோம். அப்பாவும் ஏந்தினார். "அபில்மாழினோட மண்ணு லேசா இருக்கட்டும்," என்று முடித்து எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டபோது அப்பாவின் முகம் தலைமுடியின் நிறத்துக்கு வந்திருந்தது.

கிளம்பும்போது, மீதித் தலையைத் துணியில் கட்டி என் மடியில் வைத்தார்கள். விருந்துச் சாப்பாட்டில் வீட்டுக்குப் பங்கு கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் யாரையும் அனுப்பமாட்டார்கள்.

பாதி தூரம் வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தினார்.

"காலையில தாத்தா எப்படி இருந்தார்?"

"நல்லாத்தான் இருந்தார். உங்களத் திட்டினார்."

"எப்படித் திட்டினார்? சத்தமாவா, மெதுவாவா?"

"சத்தமா."

"அது நல்லதுதான்," என்று வண்டியை எடுத்தார். நூறு மீட்டர் போய் மறுபடி நிறுத்தினார். "இருமினாரா?"

ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது எங்கள் ஊர் டிராக்டர்க்காரர் எதிரே வந்தார். அப்பாவைக் கண்டதும் இரண்டு கையையும் ஆட்டினார்.

"அண்ணே, எங்க போய்த் தொலைஞ்சீங்க? சீக்கிரம் போங்க. ஊரே உங்க வாசல்ல நிக்குது."

என்ன நடந்தது என்று அப்பா கேட்கவில்லை. மீதி நாலு கிலோமீட்டரில் நான் தலையை ஒரு கையிலும் பக்கப்பெட்டியின் விளிம்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தேன். கம்பிச் சுருள் எங்கோ பறந்துவிட்டது.

தெருமுனை திரும்பியதும் பார்த்தோம். உண்மையிலேயே ஊர் நின்றது. ஆண்கள் வேலியோரம் வரிசையாக, பெண்கள் தனியாக. சாவு வீட்டுக்கு ஆண்கள் தூரத்திலிருந்தே கதறிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். அப்பா வண்டி ஓடும்போதே கதறத் தொடங்கினார்.

"ஐயோ என் மலையே, சாஞ்சிட்டியே. நான்தான் உன்னச் சாச்சிட்டேன், என் மலையே."

வண்டியை வேலியில் மோதி நிறுத்திவிட்டு இறங்கி, இடுப்பு வளைந்து, வரிசையில் முதலில் நின்றவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் ஒன்றும் புரியாவிட்டாலும் சேர்ந்து அழுதார். பெண்கள் பக்கமும் அழுகை எழுந்தது. பக்கத்து வீட்டு பிகேன் அக்கா என் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "யாருடி, யாருடி?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அப்பா கண்ணைத் திறக்காமல் இரண்டாவது ஆளைக் கட்டிக்கொண்டார். பிறகு மூன்றாவது ஆளை.

மூன்றாவது ஆள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அழாதடா. எல்லாரும் ஒருநாள் போறதுதான். யாரு போனது?"

அப்பா அந்தத் தோளில் முகத்தை வைத்தபடியே ஒரு நிமிடம் நின்றார். மூக்குப்பொடி வாசனை தெரிந்திருக்கும். மெல்லத் தலையைத் தூக்கினார்.

"யாரும் போகலப்பா," என்றார்.

"அப்புறம் ஏண்டா ஒப்பாரி வைக்கிற? மூணு மணியிலேர்ந்து ஊருல கரண்ட் இல்ல. அஞ்சு மணிக்கு டி.வி.யில படம். எல்லாம் உன்னைத் தேடி வந்து என் உயிரை வாங்குதுங்க."

அப்போதுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் துணி அவிழ்ந்திருந்தது. தாத்தா கிட்டே வந்து பார்த்தார். தலையைப் பார்த்தார், இல்லாத காதைப் பார்த்தார், நறுக்கிய கன்னத்தைப் பார்த்தார். அவருடைய பார்வை நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

"இதை யாரு வெட்டினது?"

அப்பா ஒரு கம்பத்தைத் தேடுவதுபோல மேலே பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, காதைச் சாப்பிட்டவள். ஆனால் அப்பாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஓதியது உட்பட. படம் பார்க்க வந்த ஊர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தாத்தா தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்: "நல்லா ஓதினானா?"

"நல்லா ஓதினார்ப்பா. நீளமா."

"என் பேரைச் சரியா சொன்னானா?"

"சொன்னார்."

"நீ அழுதியா?"

"அங்க அழல. இங்கதான்."

"பார்த்தேன்," என்றார் தாத்தா. துணியைக் கட்டித் தன் கையில் எடுத்துக்கொண்டார். "போ, போய்க் கம்பத்துல ஏறு. முதல்ல கரண்டைக் குடு. சிகரெட்டும் பிடிச்சுக்கோ, இன்னிக்கு உனக்குத் தேவைப்படும்."

மீதித் தலையை அவரே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சாப்பிட்டார். உப்பு குறைவு என்றார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். யாராவது அவர் வயதைச் சொல்லி வியந்தால், "எனக்கு ஓதி முடிச்சாச்சு, அங்க கணக்குல நான் எப்பவோ வந்தாச்சு. அதான் யாரும் தேடி வரல," என்பார். தொண்ணூற்று ஆறு வயதில் தூக்கத்தில் போனார். அன்று அப்பா கதறவில்லை. வரிசையில் நின்று வந்தவர்களைக் கட்டிக்கொண்டபோது, மூன்றாவதாக வந்தவரிடம் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

வருஷம் திரும்பிய பின் ஒரு விருந்தில் ஆட்டுத்தலை முறையாக அப்பாவின் முன் வந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, பின்பற்கள் இல்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார், யாரோ தொப்பியோடு உள்ளே வரப்போகிறார் போல. யாரும் வரவில்லை. வலது காதை அறுத்தார். பேரப்பிள்ளைகள் நாலு பேர் கை நீட்டினார்கள். அவர் அந்தக் கைகளைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, பருத்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டினார்.

"அப்பா, எனக்கு எதுக்கு? பிள்ளைங்களுக்குக் குடுங்க."

"பேசாம சாப்பிடு," என்றார்.